மால்டினி ஏன் அவ்ளோ பெரிய ஆளு? ஹைலைட்ஸ்ல ஒண்ணுமே தெரியலயே

மாமா_87:
அக்கா பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், ஃபுட்பால் பைத்தியம். உலகத்துலயே பெஸ்ட் டிஃபெண்டர் யாருன்னு கேட்டான், யோசிக்காம பாவ்லோ மால்டினின்னு சொல்லிட்டேன். உடனே போன்ல ஏதோ பத்து நிமிஷ வீடியோ பாத்துட்டு "மாமா, இவரு சும்மா வந்து நிக்கிறாரு, அவ்ளோதானே"ங்கிறான். இத்தாலிக்கு 126 மேட்ச்ல 7 கோல்தானாம், வேர்ல்ட் கப்பும் இல்லயாம். நானே அவரோட கடைசி நாலஞ்சு வருஷம்தான் டிவில பாத்தேன், பதில் சொல்ல வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா

பழைய_ஸ்டாப்பர்:
பையன் சரியாத்தான் சொல்லிருக்கான், அந்த வந்து நிக்கிறதுதான் விஷயமே! எதிர் டீம் விங்கர், அதாவது ஓரமா ஓடி வர்ற அட்டாக்கர், அவன் கால்ல பந்து வர்றதுக்குள்ள இவரு உடம்ப பாதி திருப்பி உள்பக்கத்த அடைச்சிட்டு நிப்பாரு, அவன் ஒண்ணு லைன் ஓரமா ஓடணும் இல்லன்னா பின்னாடி பாஸ் குடுக்கணும், குடுக்காம விட்ட பாஸ் எந்த வீடியோல வரும் சொல்லுங்க. இத்தனைக்கும் வலது கால்காரர், ஆடுனது லெஃப்ட் பேக், இடது ஓர டிஃபெண்டர். 1985 ஜனவரில உடினேல பதினாறு வயசுல சப்ஸ்டிட்யூட்டா இறங்குனவர், 2009 வரைக்கும் மிலான் ஒரே கிளப்புக்கு 902 மேட்ச். நாங்க ஆடுன செம்மண் கிரவுண்ட்ல சறுக்குனா தொடை உரிஞ்சிடும், டிஃபெண்டர் ஷார்ட்ஸ்ல மண்ணு ஒட்டிருந்தா கோச் கிட்ட திட்டு வேற. அதனாலயே சறுக்காம நின்னே தடுக்குற மால்டினின்னா எனக்கு ஒரு இது

ராத்திரி_மேட்ச்:
கிளிப்ப விடுங்க, 1994 ஏதென்ஸ்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல முழுசா போட்டு காட்டுங்க. மிலானோட நடு டிஃபெண்டர்ஸ் பரேசி, கோஸ்டாகுர்டா ரெண்டு பேருமே சஸ்பென்ஷன், மால்டினிய நடுவுல இழுத்து போட்டாங்க, எதிர்ல பார்சிலோனா அட்டாக்கர்ஸ் ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும். பார்சிலோனா 4-0ல காலி

ஓரக்கோடு:
எல்லாரும் ஒரேயடியா தூக்காதீங்க. 2002 வேர்ல்ட் கப்ல கொரியா மேட்ச், 117வது நிமிஷம், ஆன் ஜுங் ஹ்வான் ஹெட்டர் அடிக்கும்போது பக்கத்துல எம்பி எட்டாம போனது யாரு? கோல்டன் கோல், எக்ஸ்ட்ரா டைம்ல முதல்ல அடிச்சவன் ஜெயிச்சான்னு அப்ப ரூல், இத்தாலி வீட்டுக்கு. அதோட நேஷனல் டீம விட்டாரு, நாலு வருஷத்துல அவரில்லாமயே கப் அடிச்சாங்க. எனக்கு இன்னும் வயிறு எரியுது, நானும் ரசிகன்தான்

பழைய_ஸ்டாப்பர்:
@ஓரக்கோடு அது சரிதான், ஆனா 33 வயசு கால்ப்பா அது. அவரு அப்பா சேசரே 1963ல வெம்ப்ளில மிலான் கேப்டனா யூரோப்பியன் கப் (இப்ப சாம்பியன்ஸ் லீக்) தூக்குனாரு, மகன் 2003ல மான்செஸ்டர்ல தூக்குனாரு, நாப்பது வருஷம். பேரன் டேனியல் மட்டும் அட்டாக்குக்கு போயிட்டான் 😄

மாமா_87:
நேத்து ராத்திரி ஏதென்ஸ் மேட்ச் போட்டு விட்டேன். கொஞ்ச நேரம் போன நோண்டிட்டே பாத்தான், அப்புறம் போன கவுத்து வெச்சிட்டு வீடியோவ பின்னாடி தள்ளி "மாமா இவரு எப்ப இங்க வந்தாரு"ன்னு கேக்குறான். மூணு தடவ தள்ளி பாத்துட்டான்