புதுப்பிப்பு: ரிகர்ஷனில் சொற்களைத் திருப்புவது

ஒரு வாக்கியத்தின் சொல் வரிசையை லூப் இல்லாமல், ரிகர்ஷனிலேயே (ஒரு ஃபங்ஷன், அதாவது நிரல்துண்டு, தன்னைத்தானே அழைப்பது) தலைகீழாக்க பைத்தான் நிரல்மொழியில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தேன். முடிந்தது. முதல் இடைவெளியில் வெட்டி, மிச்சத்தை அதே ஃபங்ஷனுக்கு அனுப்பி, வரும் விடையின் கடைசியில் முதல் சொல்லை ஒட்ட வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் வந்ததை அப்படியே திருப்பித் தரணும். அழைப்புகள் நிற்பது அங்கேதான்.

"நான் நேற்று மதுரை போனேன்" கொடுத்தால் "போனேன் மதுரை நேற்று நான்" வருகிறது. தமிழில் இதுவும் சரியாகவே ஒலித்துத் தொலைக்கிறது!

நீண்ட உரைக்கு இது ஆகாது. சொல்லுக்கு ஒரு அழைப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அழைப்புகள் போகலாம் என்பதற்குப் பைத்தானின் இயல்பு வரம்பு 1000. வரம்பை ஏற்றுவதைவிட, சொற்பட்டியலைப் பாதியாக வெட்டி, இரண்டையும் இதே முறையில் திருப்பி, இடம் மாற்றி ஒட்டலாம். அப்போது 1024 சொற்களுக்கும் ஆழம் வெறும் 11.