சுருக்கி ஆடும் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) யாருக்காவது தெரியுமா?

வணக்கம். காட்பாடி பக்கம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குப் போக்குவரத்துச் செலவுக்காவது பணம் திரட்டலாம் என்று இருக்கிறோம். வாரம் இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும், பாவம். டிவி காமெடி ஆட்களைக் கூப்பிடலாம் என்கிறார்கள் பையன்கள். எனக்கென்னவோ நம்ம ஊர்க் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் போதும். ராஜாவையே கேலி செய்துவிட்டு, அப்படியே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் ஒரு பிடி பிடிப்பான் பாருங்கள், துண்டில் காசு தானாக விழும்.

சிக்கல் என்னவென்றால், கூத்து விடிய விடிய நடப்பது. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். மாலையிலேயே தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடித்துத்தரும் ஜமா அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் இருக்கிறதா? முன்பணம் எவ்வளவு கேட்பார்கள்? அப்புறம், போலீஸ் அனுமதி வாங்கிய அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள்.