லேடெக்கில் ரேண்டம் எண்: மாட்டிக்கொண்ட கதைகள்

40 மாணவர்கள். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதாமலிருக்க ஆளுக்கொரு வினாத்தாள். கணக்கு ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும். தாளை அச்சுக்கோக்க நான் பயன்படுத்தும் மென்பொருள் லேடெக். அதற்கு அடிப்படை டொனால்ட் நூத் எழுதிய டெக். அந்த மூல டெக்கில் ரேண்டம் எண் (குலுக்கிப் போட்டதுபோல் வரும் எண்) கேட்க வழியே இல்லை. தேடியதில் டொனால்ட் ஆர்சனோவின் 'ரேண்டம்' மேக்ரோ கோப்பு கிடைத்தது (மேக்ரோ என்றால் பெயர் வைத்துச் சேமித்த கட்டளைத் தொகுப்பு). முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுக்கிறது. டெக் தாங்கும் மிகப்பெரிய முழு எண்ணும் அதே 2147483647 ஆயிற்றே, பெருக்கும்போதே வெடிக்காதா? முதலிலேயே 127773-ஆல் வகுத்துத் தப்பித்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கு இதை ரசித்ததிலேயே பாதி நாள் போயிற்று.

வினாத்தாள் சாயங்காலம் அச்சாயிற்று. விடைக்குறிப்பை மறுநாள் அதே கோப்பிலிருந்து எடுத்தேன். ஒரு விடைகூடப் பொருந்தவில்லை! விதை எண்ணை, அதாவது கணக்கைத் தொடங்கும் முதல் எண்ணை, நாம் கொடுக்காவிட்டால் தேதி, நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். டெக்குக்கு நேரம் என்றால் நள்ளிரவிலிருந்து கழிந்த நிமிடங்கள். முந்தின நாள் ஒரே நிமிடத்துக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, எண்கள் மாறவில்லை என்று ஏமாந்திருக்கிறேன். 40 தாளையும் கையால் போட்டுப் பார்த்துத் திருத்தினேன்.

அடுத்த தேர்வுக்கு வரிசை எண்ணையே விதையாகக் கொடுத்தேன். சரி, தீர்ந்தது என்று பார்த்தால் முதல் கேள்வியில் எல்லோருக்கும் ஒரே எண். விதை 1 என்றால் முதலில் வருவது 16807; விதை 40 என்றால் 672280. 214 கோடி வரை நீளும் அளவுகோலில் இவையெல்லாம் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 1 முதல் 20 வரை சுருக்கினால் அத்தனையும் 1. இப்போதெல்லாம் முதல் மூன்றை வீணாக்கிவிட்டு நான்காவதிலிருந்துதான் எடுக்கிறேன்.

*

சார், உங்கள் கதையைப் படித்தேன். எனக்கு வேறு மாதிரி அடி. நேரடியாகப் பிடிஎஃப் கோப்பு தரும் டெக் வகையான பிடிஎஃப்டெக்கில் உள்ளேயே இருக்கும் 'யூனிஃபார்ம் டீவியேட்' கட்டளைக்கு 9 என்று கொடுத்தால் 0 முதல் 8 வரைதான் தரும். 1 கூட்ட மறந்துவிட்டேன். தம்பி மகளுக்குப் போட்ட பயிற்சித்தாளில் 45-ஐ 0-ஆல் வகுக்கச் சொல்லியிருந்தது. "பெரியப்பா, இது முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம், அந்தக் கட்டளையை 'டெஃப்' போட்டு மேக்ரோவுக்குள் வைத்தால், மேக்ரோவை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் புது எண் வரும். கேள்வியில் 7, விடையில் 3. 'டெஃப்' கட்டளையை அப்படியே சேமிக்கும்; 'ஈடெஃப்' அப்போதே ஓட்டி, வந்த எண்ணைச் சேமிக்கும். 'டெஃப்' இருந்த இடத்தில் 'ஈடெஃப்' போட்ட பிறகுதான் இரண்டிலும் 7 வந்தது.