அட்வான்ஸ் டாக்ஸ்: டிசைனர்கள் 44ஏடிஏ-வில் வருவார்களா?

பெங்களூரு ஃப்ரீலான்ஸ் நண்பர்களே, ஒரு உதவி. ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆப், வெப்சைட் டிசைன் செய்கிறேன், இந்திராநகரில் வீடேதான் ஆபீஸ். சம்பளத்தில் இருந்தவரை கம்பெனியே வரியைப் பிடித்துக் கட்டிவிடும், இப்போது டிடிஎஸ் (க்ளையன்ட் பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) போக வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே நாமேதான் முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுசும், குறைந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி, இதெல்லாம் சரி. என் வருமானம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது: ஒரு மாதம் கொட்டும், அப்புறம் ‘பேமென்ட் ப்ராசஸ் ஆகிறது’ என்று மெயில் மட்டும் வரும். வருஷம் முழுக்க வரப்போவதை ஜூனிலேயே எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் போனால் வரவில் பாதியை லாபமாகக் காட்டி, மொத்த வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம், எனக்கு அதுதான் தோது. ஆனால் அது டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் என்று பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். ஒரு ஆடிட்டர் டிசைனை டெக்னிக்கல் கன்சல்டன்சியில் சேர்க்கலாம் என்கிறார், இன்னொருவர் நோட்டீஸ் வரும் என்கிறார். இரண்டு பேருக்கும் ஃபீஸ் கொடுத்தாச்சு!

இங்கே டிசைனர்கள் யாராவது அதில் ஃபைல் பண்ணியிருந்தால், எந்தத் தொழில் கோட் போட்டீர்கள், கேள்வி ஏதும் வந்ததா? க்ளையன்ட் பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்-இல் (நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் ஸ்டேட்மென்ட்) இன்னும் ஏறவில்லை என்றால் அதைக் கழித்துக் கட்டுவீர்களா, கழிக்காமலா? தமிழ் பேசும் ஆடிட்டர் இந்தப் பக்கம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.