புதுப்பிப்பு: மாதச் சிறுகதைப் போட்டி விதிகள்

முன்பு போட்ட விதிகளில் 500 சொல் வரம்பைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்தால் ஒரு சொல், பிரித்தால் மூன்று. சேர்த்தெழுதுகிறவருக்குக் கூடுதல் இடம் கிடைப்பது நியாயமில்லை. இனி இடைவெளி உட்பட 4,500 எழுத்து. எல்லாக் கதைகளையும் ஒரே செயலியில் அளப்போம்.

எழுதியவர் யாரென்று வாக்களிப்பவர்களுக்குத் தெரியாமலிருக்க, தலைப்பின் கீழுள்ள பெயரை அழித்தால் மட்டும் போதாது. வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் உரையாக நடத்துநருக்கு மட்டும் அனுப்புங்கள்.

வாக்களிக்கும்போது, பிடித்த மூன்று கதைகளுக்கு வரிசையாக 3, 2, 1 புள்ளி. சொந்தக் கதைக்குக் கூடாது. கதை அனுப்பியவர் வாக்களிக்காவிட்டால் அவர் கதை பட்டியலில் இருக்காது. கடுமைதான், ஆனால் மற்றவர்களுக்குப் புள்ளி போடாமல் இருப்பதே அவருக்கு ஆதாயமாகிவிடுமே! புள்ளி சமமானால், முதலிட வாக்கு அதிகம் பெற்ற கதைக்கே வெற்றி. வென்றவர் அடுத்த மாதக் கருவைத் தருவார்.