ரெண்டு பெல்ட்டும் ஒரே ரிங்குக்கு வர அஞ்சு வருசமா? வெளங்குற மாதிரி யாராவது சொல்லுங்க

பாளை லெஃப்ட்ஹேண்டர்:
அண்ணாச்சிமாரே வணக்கம், ஒரு சந்தேகம். பாளையங்கோட்டைல சாயங்காலம் பாக்சிங் கத்துக்கிடுதேன். நேத்து பிராக்டிஸ் முடிஞ்சி கைல சுத்துன துணிய அவுத்துக்கிட்டே ஸ்பென்ஸ் கிராஃபோர்டு ஃபைட்ட செல்லுல பாத்தோம். 2023 ஜூலை 29, லாஸ் வேகாஸ். ஸ்பென்ஸ் ரெண்டாவது ரவுண்டுல ஒருக்க, ஏழாவதுல ரெண்டு தடவ கீழ விழுந்து, ஒம்பதாவதுல ரெஃபரி நிப்பாட்டிட்டாரு. கேள்வி என்னன்னா ஸ்பென்ஸ் ஐபிஎஃப் சங்கத்தோட உலக சாம்பியன் பெல்ட் வாங்குனது 2017, கிராஃபோர்டு டபிள்யூபிஓ சங்கத்துப் பெல்ட் வாங்குனது 2018. ரெண்டு பேரும் அமெரிக்கா, ஒரே 147 பவுண்டு எடப் பிரிவு, அதுவரை ரெண்டு பேரும் தோத்ததே கெடையாது. அப்புறம் எதுக்கு இம்புட்டு இழுவ? எங்க செட்டுல ஒருத்தன் பயந்துட்டாங்கங்கான். எனக்கு அது சரியாப் படல.

டவுண் முறுக்கு:
பயம்தாம்லே. வேற என்ன. நல்லா கேக்க வந்துட்டான் ராத்திரி பதினோரு மணிக்கு.

பழைய கேபிள்காரன்:
முறுக்கு தம்பி கொஞ்சம் வாய மூடும். பாளை தம்பி, ஃபைட்டர் என்னைக்கி பயந்தான், பயப்படுதது அவன வச்சி யாவாரம் பண்ணுதவன். கிராஃபோர்டு அப்ப டாப் ரேங்க்ல, அது பாப் ஆரம்னு ஃபைட்டு ஏற்பாடு பண்ணுத புரமோட்டரோட கம்பெனி, அவிய ஃபைட்டெல்லாம் ஈஎஸ்பிஎன் சேனல்ல. ஸ்பென்ஸ் அல் ஹேமன் செட்டு, பிபிசிம்பாவ, அங்கன ஷோடைம் சேனலும் ஃபாக்ஸ் சேனலும். டிவிக்காரன் பணத்த குடுத்து வருசத்துக்கு இத்தன ஃபைட்டுன்னு எழுதி வாங்கிருவான், புரமோட்டர் அதே மாதிரி ஃபைட்டர்ட்ட எழுதி வாங்கிருவாரு. இப்ப நம்ம ஆள அடுத்தவன் டிவில கொண்டு நிறுத்தி அவன் தோத்துட்டாம்னா ஆளும் போச்சி, அவன காட்டி வாங்குன டிவி காசும் போச்சி. அதுக்கு நம்ம சேனல்லயே கொஞ்சம் லேசான ஆளா புடிச்சி போட்டா நோவாம சம்பாதிச்சிட்டுப் போலாம்லா.

நான் அந்தக் காலத்துல கேபிள் லைன் வச்சிருந்தேன், அத வச்சி சொல்லுதேன். எங்க தெருக் கோயில் கொடைய லோக்கல் சேனல்ல லைவ் விடணும்னு வரிக்காரங்க கேட்டாவ. கோயில் என் லைன்ல கெடக்கு, ஆனா வரிக்காரங்கள்ல பாதி வீடு அடுத்த ஆபரேட்டர் லைன்ல. நான் என் சேனல் பேருதான் கீழ ஓடணும்ங்கேன், அவன் அவன் பேருங்கான், கால்நாட்டுல ஆரம்பிச்ச சண்ட சாமியாடுத அன்னைக்கி சாயங்காலம் வரைக்கும் முடியல. கடைசில ஒரே கேமரா, அதுலருந்து ரெண்டு வயரு, வேப்பமரத்துல ஸ்பிளிட்டர பாலிதீன் கவர் சுத்தி நூலால கெட்டி விட்டோம், தூறல் வேற. ரெண்டு சேனல் பேரும் கீழ ஓடுச்சி. விளம்பரக் காசுல என் பங்க அந்த ஆளு இன்னைக்கி வரைக்கும் தரல, அது வேற கத.

2015 மே 2 மேவெதர் பக்கியாவோ ஃபைட்டும் இதே ஸ்பிளிட்டர்தான்வே. மேவெதர் ஷோடைம், பக்கியாவோ ஹெச்பிஓ சேனல். 2009லயே பேச்ச ஆரம்பிச்சி முதல்ல ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனைல முட்டிக்கிட்டு நின்னது, அப்புறம் பக்கியாவோ புரமோட்டர் ஆரமுக்கும் மேவெதருக்கும் பழைய பக வேற. நடக்கும்போது ரெண்டு கம்பெனியும் சேந்து காட்டுனாவ, ரிங்குல பேரு கூப்புடவே ரெண்டு அனவுன்சர், இங்க பஃபர் அங்க லென்னன். சிரிச்சி முடியல எனக்கு. 46 லட்சம் பேரு காசு கெட்டிப் பாத்தாவன்னா ஏம் சேர மாட்டாவ. ஆனா ரெண்டு பேருக்கும் வயசு போயிருச்சி, ஃபைட்டு சப்புன்னு இருந்துச்சி, ஞாயித்துக்கிழம காலைல இட்லிய ஆற வச்சிட்டு பாத்ததுதான் மிச்சம். 2002ல லூயிஸ் டைசனும் அப்படித்தான், ஹெச்பிஓ ஒருத்தர் ஷோடைம் ஒருத்தர்.

பாளை லெஃப்ட்ஹேண்டர்:
அண்ணாச்சி இப்ப வெளங்குது. அப்ப ஸ்பென்ஸ் ஃபைட்டு கடைசில எப்படி நடந்துச்சி?

பழைய கேபிள்காரன்:
கிராஃபோர்டு 2021 நவம்பர்ல ஷான் போர்ட்டர்ங்கிற ஃபைட்டர ஜெயிச்சி முடிச்சதோட டாப் ரேங்க் ஒப்பந்தமும் முடிஞ்சிது. லைன் அறுந்தாத்தான் அடுத்த வயர் இழுக்க முடியும். அதுக்கப்புறமும் 2022 பூரா பங்கு பேசியே போக்குனாவ, இந்த அஞ்சு வருசத்துக்கு நடுவுல ஸ்பென்ஸுக்கு கார் ஆக்சிடெண்டு, கண்ணுல பிரச்சன, அதயும் சேத்துக்கிடும்.

தென்காசி ரோடு:
கேபிள் அண்ணாச்சி சொல்லுதது பாதி. ஒப்பந்தம் ஒருத்தன் கூட மட்டும் இருக்காதுல்லா. 2021ல ஹெவிவெயிட்ல ஃபியூரி ஜோஷுவா ஃபைட்டுக்கு சவூதில ஆகஸ்டு மாசம்னு சொல்லியாச்சி. ஜோஷுவா பக்கம் புரமோட்டர் ஹெர்ன், ஃபியூரி பக்கம் வாரனும் ஆரமும், அவ்வளவு பேரும் சரின்னாச்சி. வைல்டர்னு இன்னொரு ஃபைட்டர் வந்து, ஃபியூரி எனக்கு மூணாவது ஃபைட் தரேன்னு எழுதி குடுத்துருக்காருன்னு மத்தியஸ்தர்ட்ட போயி ஜெயிச்சிட்டாரு. அம்புட்டுதான். செப்டம்பர்ல ஜோஷுவா உசிக்கிட்ட பெல்ட்டயே விட்டுட்டாரு. இதுல எவன் பயந்தான் சொல்லும். காத்திருந்தா எதிராளியே மாறிருவான்.

டவுண் முறுக்கு:
சரி சரி, பயம்னு சொன்னத வாபஸ் வாங்குதேன். ஆனா பெல்ட் குடுக்கிற சங்கத்துக்காரன் நாலு பேரு இருக்கானே, அவன ஏன் யாரும் திட்ட மாட்டேங்கிய?

தென்காசி ரோடு:
திட்டத்தான் வந்தேன். ஒவ்வொரு சங்கத்துக்கும் வழக்கமா சம்பளத்துல மூணு சதவீதம் பங்கு, அதுக்கு மேல ஒவ்வொருத்தனும் ஒரு கட்டாய எதிராளி வச்சிருப்பான், இன்ன தேதிக்குள்ள அவன்கூட மோது இல்லன்னா பெல்ட்ட குடுன்னு. நாலு பெல்ட்டயும் சேத்து ஒரு வருசம் வச்சிருக்கதே பெரும்பாடு. 2024 மே 18 ரியாத்துல உசிக் ஃபியூரிய ஜெயிச்சி ஹெவிவெயிட்ல நாலும் வாங்குனாரு, 1999ல லூயிஸுக்கு அப்புறம் பெல்ட்டு அத்தனையும் ஒருத்தர்ட்ட சேந்ததே அப்பத்தான், அதுக்கும் சவூதிக்காரன் பணம் வந்துதான் எல்லா புரமோட்டரும் ஒரே மேசைல உக்காந்தான். அடுத்த மாசமே ஐபிஎஃப் பெல்ட்ட விட்டுட்டாரு, ஃபியூரி கூட ரீமேட்ச்னு ஏற்கெனவே எழுதிக் குடுத்துருந்ததுனால.

பாளை லெஃப்ட்ஹேண்டர்:
கிராஃபோர்டுக்கும் இதே கதைதானா?

தென்காசி ரோடு:
ஆமா. 2023 ஜூலைல அந்த ஃபைட்டோட நாலு சங்கத்துப் பெல்ட்டும் கிராஃபோர்டுட்ட, நவம்பர்ல ஐபிஎஃப் பிடுங்கியாச்சி. அஞ்சு வருசம் காத்திருந்து நாலு மாசம்.

டவுண் முறுக்கு:
சவத்த விடுங்க. கேபிள் அண்ணாச்சி, அந்த ஆளு உங்களுக்கு எம்புட்டு தரணும்?

பழைய கேபிள்காரன்:
நானூத்தி அம்பது. ஸ்பிளிட்டரும் என்னோடது.