பத்து மாசம், தவழாமல் இருந்துகொண்டே அரக்கிறா. வோக்கரில விடலாமோ?

கோண்டாவில் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என்ர மகளுக்கு வாற கிழமை பத்து மாசம். போனமுறை நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட பிறந்தவ, சொன்ன திகதிக்கு அஞ்சு கிழமை முந்தி. பிறக்கேக்க 2.2 கிலோ, இப்ப 7.9. சாப்பாட்டில ஒரு குறையும் இல்லை. இருத்தி விட்டா விழாமல் எவ்வளவு நேரமும் இருப்பா. ஆனா தவழுறா இல்லை. குப்புறக் கிடத்தினா வீரிட்டுக் கத்துறா.

அவ நகருறது எப்பிடி எண்டா, இடது காலை மடிச்சு, வலது காலை முன்னுக்கு நீட்டி, வலது கையை நிலத்தில ஊண்டி, இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கி வருவா. குசினி வாசல்ல விட்டிட்டு அடுப்பைத் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள விறாந்தையில நிப்பா. சீமெந்து நிலம் எண்டபடியா காற்சட்டை எல்லாம் இடப்பக்கம் மட்டும் தேஞ்சு ஓட்டை.

பக்கத்து வீட்டுப் பெடியனும் அதே மாசம்தான், கதிரையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிக்கிறான். மாமி ஒவ்வொரு நாளும் மதிலால எட்டிப் பாத்திட்டு வந்து, "நீ மடியில வைச்சு வைச்சுப் பழக்கிப்போட்டாய்" எண்டுறா. வாற நல்லூர்க் கொடியேத்தத்துக்குக் கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு போகவேணுமாம். இவற்ற தம்பி லண்டன்ல இருந்து காசு அனுப்பி, பாட்டுப் பாடுற வோக்கர் ஒண்டும் வாங்கியாச்சு. ஒன்பது மாச எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்குப் போன அண்டைக்குக் கிளினிக்கில நல்ல சனம். கேட்டன். "செய்வா, செய்வா" எண்டு போட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிட்டினம். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை. வோக்கரில விட்டா கால் பலம் வருமோ?

மானிப்பாய் அக்கா:
தங்கச்சி, வோக்கரை முதல் அறையில வைச்சுப் பூட்டுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். என்ர அண்ணாவின்ர மகன் எட்டு மாசத்தில, விறாந்தைப் படியால வோக்கரோட முற்றத்துக்குப் போனவன். ரெண்டே ரெண்டு படி. நான் மூண்டடி தள்ளி நிண்டு அரிசி புடைச்சுக்கொண்டு நிண்டனான், சுளகைப் போட்டிட்டு ஓடுறதுக்குள்ள முடிஞ்சுது. நாடியில நாலு தையல். இப்ப ஏஎல் (உயர்தரச் சோதினை) எடுக்கிறான், தாடி வளருது, அந்த இடத்தில மட்டும் மயிர் இல்லை.

ரொரன்ரோவில் இருந்து:
இஞ்ச கனடாவில 2004 இல இருந்து வோக்கருக்குத் தடை. கடையில மட்டும் இல்லை, பழசை வீட்டு வாசல்ல வைச்சு விக்கவும் ஏலாது. லண்டன் தம்பியைக் குறை சொல்லாதேங்கோ, அங்க இன்னும் விக்கினம்.

சுன்னாகம் அப்பா:
என்ர மகன் தவழவே இல்லை, நேர எழும்பி நடந்தவன். இப்ப பள்ளிக்கூட ஓட்டத்தில முதலாம் இடம். ஒண்டுக்கும் யோசிக்காமல் இருங்கோ.

ஓய்வுபெற்ற மிஸ்:
பிள்ளை, நான் வலிகாமத்தில இருபத்தெட்டு வருசம் குடும்பநல உத்தியோகத்தரா (மருத்துவிச்சி) சைக்கிளில திரிஞ்சனான். டொக்டர் இல்லை. கொஞ்சம் நீளமா எழுதப்போறன்.

முதல் கணக்கு. அஞ்சு கிழமை முந்திப் பிறந்தவ எண்டதை ஒரு வசனத்தில சொல்லிப்போட்டுப் போட்டியள். ஊசி எல்லாம் பிறந்த திகதியில இருந்துதான். ஆனா தலை நிமித்துறது, இருக்கிறது, தவழுறது இதுகளை எண்ணேக்க அந்த அஞ்சு கிழமையைக் கழிக்கவேணும், ரெண்டு வயசு மட்டும். அப்ப உங்கட மகளுக்கு இன்னும் ஒன்பது மாசம் ஆகேல்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் நிறைமாசம் எண்டா, ரெண்டு பேருக்கும் ஒரே வயசே இல்லை. மாமியிட்ட இதை மதிலடியில வைச்சே சொல்லுங்கோ.

ரெண்டாவது, தவழுறது. உலக சுகாதார நிறுவனம் 2006 இல ஒரு ஆய்வு வெளியிட்டது, இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கப் பிள்ளையளை வைச்சு. சுகமான பிள்ளையள் பிடியில்லாமல் இருக்கத் தொடங்கினது 3.8 மாசத்தில இருந்து 9.2 மாசத்துக்குள்ள. தனிய நடந்தது 8.2 இல இருந்து 17.6 மாசத்துக்குள்ள. எவ்வளவு அகலம் பாத்தியளோ! கையும் முழங்காலும் ஊண்டித் தவழுறதை நூற்றுக்கு நாலு பிள்ளை மட்டில செய்யவே இல்லை, அதுகளும் நடந்துதுகள்தான். அதால சுன்னாகம் தம்பி சொல்லுறது நடக்கிற விசயம். ஆனா "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஏனெண்டா நீங்கள் அந்தக் காற்சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறியள்.

எப்பவும் இடப்பக்கம்தான் தேயுதோ? எப்பவும் வலது கைதான் ஊண்டுறாவோ? ஒரு வயசுக்கு முந்தி ஒரு பிள்ளைக்குச் சோத்தாங்கை, பீச்சாங்கை எண்டு பிரிவு இருக்கக்கூடாது. இருந்தா மற்றக் கை பலம் குறைவோ எண்டு பாக்கவேணும். அரக்கிற கனபேருக்கு ஒரு பக்கம் பழக்கமா வாறதுதான், அது தனிய வருத்தம் இல்லை. வீட்டில ஒரு சோதினை செய்யுங்கோ. ஒரு தட்டில ஒரு சோத்துப் பருக்கை, அவவின்ர இடப்பக்கம் வையுங்கோ. எடுக்கிறாவோ, எந்தக் கையால, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தோ, இல்லை உள்ளங்கையால வாரியோ எண்டு பாருங்கோ. பிறகு வலப்பக்கம். ஒரு நாளில முடிக்காதேங்கோ, மூண்டு நாள் பாருங்கோ. உடுப்பு மாத்தேக்க தொடை மடிப்பு ரெண்டு பக்கமும் ஒரேமாதிரியோ, கால் ரெண்டும் ஒரு நீளமோ, ஒரே அளவுக்கு விரியுதோ எண்டும் பாருங்கோ. இடுப்பு மூட்டு விலகி இருந்தா அங்க தெரியும்.

இன்னொண்டு. கக்கத்தில பிடிச்சுத் தூக்கிப் போட்டு மெதுவா நிலத்தில காலை விடப் பாருங்கோ. கனக்க அரக்கிற பிள்ளையள் காலை ஊண்டாதுகள். காத்தில கதிரை போட்டு இருக்கிறமாதிரி ரெண்டு காலையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு தொங்குங்கள். நான் கண்ட பிள்ளையளில பாதிப்பேர் அப்பிடித்தான். காலை விறைச்சுக் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னினாத்தான் வேறை கதை. கூப்பிட்டாத் திரும்பாட்டி, "பாபா, தாத்தா" எண்டு சத்தம் ஒண்டும் வராட்டி, முந்திச் செய்த ஒண்டை இப்ப விட்டிட்டா எண்டாலும் காத்திருக்கக் கூடாது.

அரக்கிற பிள்ளையள் நடக்கவும் பிந்துவினம். ஒண்டரை வயசு, சிலது ரெண்டு வயசை முட்டும். இந்தக் கொடியேத்தத்தை விடுங்கோ, அடுத்த கொடியேத்தத்துக்கும் இடுப்பில கொண்டுபோற எண்ணத்தோட இருங்கோ.

வோக்கரில பிள்ளை பெருவிரல் நுனியால உந்தும், கால் பலம் வராது. மாமி சொன்னதில அரைவாசி சரி: மடியை விட்டு இறக்கத்தான் வேணும், பாயில. குப்புறக் கிடத்தினா அழுறா எண்டா, நீங்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு உங்கட நெஞ்சில குப்புறக் கிடத்துங்கோ. முகத்தைப் பாக்கத் தலையை நிமித்துவா. ரெண்டு நிமிசம், நாளுக்கு நாலு தரம், காணும். கிளினிக்கில சனம் எண்டா, சனம் இல்லாத நாள் எது எண்டு கேட்டு, பிள்ளையின்ர கிளினிக் கொப்பியோட போங்கோ. "அஞ்சு கிழமை முந்திப் பிறந்தவ, ஒரு பக்கமா அரக்கிறா" எண்டு அந்த ரெண்டையும் வாயால சொல்லுங்கோ. "தவழுறா இல்லை" எண்டு மட்டும் சொன்னா "செய்வா" எண்டுதான் சொல்லுவினம், நானும் அப்பிடிச் சொல்லியிருக்கிறன்.

கடைசியா, உங்கட அவர் எப்பிடி நகர்ந்தவர் எண்டு மாமியைக் கேளுங்கோ. இது குடும்பத்தில ஓடுற பழக்கம்.

கோண்டாவில் அம்மா:
ரெண்டு கிழமை கழிச்சு வாறன், மன்னியுங்கோ. பருக்கைச் சோதினை மூண்டு நாள் செய்தன். முதல் நாள் தட்டையே கவிட்டிட்டா. ரெண்டாம் நாள் இடப்பக்கம் இடது கையால, வலப்பக்கம் வலது கையால. விரல் சேர்த்துத்தான் எடுத்தா, எடுத்து என்ர வாயில வைச்சா. தூக்கிப் பிடிச்சா மிஸ் சொன்ன அதே கதிரை!

பிறகு கொப்பியோட போய் அந்த ரெண்டு வசனத்தையும் சொன்னன். டொக்டரிட்ட அனுப்பிச்சினம். இடுப்பு, கால், கை எல்லாம் ஆட்டிப் பாத்திட்டு, இப்போதைக்குப் பிழை ஒண்டும் இல்லை, ஒரு வயசு ஜேஈ (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) ஊசிக்கு வரேக்க திரும்பப் பாப்பம் எண்டவர்.

அவரைப் பற்றிக் கேட்டதுக்கு மாமி முதல் வாய் திறக்கேல்லை. பெரிய மச்சாள்தான் சிரிச்சுக்கொண்டு சொன்னா, "தம்பி ஒண்டரை வயசு மட்டும் சாணி மெழுகின திண்ணை முழுக்க அரக்கித் திரிஞ்சவன், அம்மா சாக்குத்துணியில காற்சட்டை தைச்சுப் போட்டவ" எண்டு.

மானிப்பாய் அக்கா:
வோக்கர்?

கோண்டாவில் அம்மா:
சில்லைக் கழட்டியாச்சு அக்கா. பாட்டு மட்டும் பாடுது.